ரெண்டு ஃபங்ஷன் எப்படிங்க செங்குத்தா இருக்கும்? ஆர்த்தோகனல் பத்தி கொஞ்சம் விரிவா

கேள்வி இதுதான்: ஆர்த்தோகனல்னா அகராதியில செங்குத்துன்னு போட்டிருக்கு, அப்போ பர்பெண்டிகுலர்னு தனியா ஒரு வார்த்தை எதுக்கு? அதுவும் போக சைனும் காஸும் ஆர்த்தோகனல், ரெண்டு சிக்னல் ஆர்த்தோகனல், ஒரு ப்ரோக்ராமிங் மொழியில ரெண்டு வசதி ஆர்த்தோகனல்னு எல்லாம் சொல்றாங்க, கோணமே இல்லாத இடத்துல 90 டிகிரி எங்க இருந்து வந்துச்சு?

ரெண்டாவது பாதிக்கு பதில் தெரிஞ்சா முதல் பாதி தானா விளங்கிடும். ஆனாலும் வார்த்தையில இருந்தே ஆரம்பிக்கறேன், ஏன்னா அதுலயும் விஷயம் இருக்கு.

பர்பெண்டிகுலர் லத்தீன்ல தூக்குக்குண்டைக் குறிக்கிற சொல்லுல இருந்து வந்தது, நூல்ல குண்டைக் கட்டித் தொங்க விட்டு சுவர் நேரா நிக்குதான்னு பாக்கறோமே அது. நார்மல்ங்கற வார்த்தையும் லத்தீன் தான், அது மூலைமட்டம், அதாவது ஆசாரி கையில இருக்கற அந்த 'ட' மாதிரி வளைஞ்ச சட்டம். ஆர்த்தோகனல் கிரேக்கம், ஆர்த்தோஸ்னா நேரான, சரியான, கோனியான்னா கோணம். எலும்பு டாக்டரை ஆர்த்தோன்னு சொல்றோமே, அந்த ஆர்த்தோவும் இதே தான். தமிழ்லயும் கிட்டத்தட்ட இதே யோசனை தான் இருக்கு பாருங்க, செங்கோணத்துல வர்ற 'செம்' சிவப்பு இல்ல, செம்மை, செங்கோல்ல வர்ற அதே நேர்மை. கிரேக்கமும் தமிழும் இந்தக் கோணத்தை 'சரியான கோணம்'னு பாத்திருக்கறது எனக்கு எப்பவும் ரொம்பப் பிடிச்ச விஷயம்.

ஆக மூணு வார்த்தையும் ஒரே 90 டிகிரியைத் தான் சொல்லுது, ஆனா புழக்கத்துல பிரிஞ்சு போச்சு. ரெண்டு கோடு ஒரு புள்ளியில வெட்டிக்கிட்டு செங்கோணத்துல நின்னா பர்பெண்டிகுலர். ஒரு பரப்புல இருந்து நேரா வெளிய நிக்கறது நார்மல். ஆர்த்தோகனல் இந்த ரெண்டையும் விட அகலமானது, வெட்டிக்கணும்னு கூட அவசியம் இல்ல. உக்காந்திருக்கற அறையையே பாருங்க, உங்களுக்கு முன்னாடி தரையும் சுவரும் சேர்ற கோடு ஒண்ணு, உங்க முதுகுக்குப் பின்னாடி மூலையில நட்டுக்குத்தா மேல போற கோடு ஒண்ணு, ரெண்டும் எங்கயும் தொட்டுக்கல, எவ்வளவு நீட்டினாலும் தொட்டுக்காது, ஆனா அதுங்களோட திசை ரெண்டும் ஆர்த்தோகனல். கோட்டை விட்டுட்டு திசையை மட்டும் எடுத்துக்கிட்டாச்சு, அவ்வளவுதான், இந்த சின்ன விடுதலையில இருந்து தான் மத்த எல்லாம் வருது.

இப்போ முக்கியமான இடம். 90 டிகிரிங்கறதை ஒரு நிமிஷம் மறந்துட்டு நிழல்னு யோசிங்க. ஒரு குச்சியை தரையில வெச்சுட்டு, நேர் மேல இருந்து வெளிச்சம் அடிச்சா நிழல் முழு நீளத்துக்கும் விழும். குச்சியை ஒரு பக்கமா தூக்க தூக்க நிழல் சுருங்கும். நேரா நிமிர்த்திட்டா நிழலே இல்ல. ஆர்த்தோகனல்னா இதுதான்: ஒண்ணோட நிழல் இன்னொண்ணு மேல துளி கூட விழாது. 90 டிகிரி அப்படி ஆகறதுக்கான ஒரு வழி, நாம கண்ணால பாக்கற உலகத்துல இருக்கற வழி.

இந்த நிழலைக் கணக்கு போடற கருவி தான் டாட் ப்ராடக்ட், பாடப் புத்தகத்துல புள்ளிப் பெருக்கல், திசையிலிப் பெருக்கல்னு வரும். ஒத்த இடத்துல இருக்கற எண்களைப் பெருக்கி கூட்டணும். (3, 4) ஒரு வெக்டர், அதாவது நீளமும் திசையும் இருக்கற ஒரு அம்பு, (மைனஸ் 4, 3) இன்னொண்ணு, பெருக்கினா மைனஸ் 12, பிளஸ் 12, கூட்டினா பூஜ்யம், ஆர்த்தோகனல். ஏன் பூஜ்யம் வந்தா செங்கோணம்னு நிறைய பேர் கேக்காமலே மனப்பாடம் பண்ணிடறாங்க, நானும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தேன், ஆனா காரணம் பிதாகரஸ் தான். ரெண்டு வெக்டரைக் கூட்டி நீளத்தோட வர்க்கம் எடுத்தா முதல் நீளத்தோட வர்க்கம், ரெண்டாவது நீளத்தோட வர்க்கம், அதோட டாட் ப்ராடக்ட்டைப் போல ரெண்டு மடங்குன்னு மூணு துண்டு வரும். அந்த மூணாவது துண்டு காணாம போனா தான் பிதாகரஸ் தேற்றம் நிக்கும், பிதாகரஸ் நின்னா தான் செங்கோணம். கொத்தனார் ஒரு பக்கம் 3 அடி, இன்னொரு பக்கம் 4 அடி குறிச்சுட்டு குறுக்க சரியா 5 அடி வருதான்னு பாத்து மூலை மட்டம் சொல்றாரே, அவர் செய்யறது அந்த மூணாவது துண்டு பூஜ்யமான்னு சோதிக்கறது தான்.

சரி, இதுல கோணம்ங்கற வார்த்தையே வரல பாத்தீங்களா, பெருக்கு, கூட்டு, அவ்வளவுதான். அதனால எண் ரெண்டு இருந்தாலும் செய்யலாம், நாலு இருந்தாலும் செய்யலாம், ஆயிரம் இருந்தாலும் செய்யலாம், படம் வரைய முடியலைன்னாலும் பூஜ்யம் பூஜ்யம் தான். அடுத்த படி, எண் பட்டியல் முடிவில்லாம நீண்டா? அதுதான் ஃபங்ஷன். ஒவ்வொரு புள்ளியிலயும் ஒரு மதிப்பு இருக்கு, அதை ஒரு ரொம்ப நீளமான பட்டியல்னு பாருங்க, ரெண்டு ஃபங்ஷனை புள்ளிக்குப் புள்ளி பெருக்கி மொத்தமா கூட்டுங்க, அந்தக் கூட்டலுக்குப் பேர் இன்டெக்ரேஷன். சைனையும் காஸையும் ஒரு முழு சுற்றுக்கு இப்படிப் பெருக்கினா மேல எவ்வளவு ஏறுதோ கீழ அவ்வளவு இறங்கும், மொத்தம் பூஜ்யம். ரெண்டு ஃபங்ஷன் செங்குத்தா இருக்குன்னு சொல்றதுக்கு அர்த்தம் இதுதான், வரைபடத்துல ரெண்டு வளைவும் ஒண்ணை ஒண்ணு வெட்டற இடத்துல என்ன கோணம்ங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இங்க தான் நிறைய பேர் குழம்பறாங்க.

இன்னொரு எச்சரிக்கை, எந்த இடைவெளியில கூட்டறோம்ங்கறது முக்கியம். ஒரு எண்ணும் அதோட வர்க்கமும்னு ரெண்டு ஃபங்ஷன் எடுத்துக்கங்க. மைனஸ் 1ல இருந்து 1 வரைக்கும் பாத்தா ஆர்த்தோகனல், ஏன்னா பெருக்கினா கன எண் வரும், இடது பக்கம் மைனஸ், வலது பக்கம் பிளஸ், அடிச்சுக்கும். அதே ரெண்டை 0ல இருந்து 1 வரைக்கும் மட்டும் பாத்தா கால் வரும், பூஜ்யம் இல்ல. அதனால யாராவது 'இது ரெண்டும் ஆர்த்தோகனல்'னு சொன்னா எந்த இடைவெளியில, எந்தப் பெருக்கல் விதிப்படின்னு கேக்கணும். அது இல்லாம அந்த வாக்கியம் முடியவே இல்ல.

இவ்வளவும் செஞ்சு என்ன லாபம்னு கேட்டா, எல்லா லாபமும் ஒரே லாபம் தான்: ஒண்ணை அளக்கும்போது இன்னொண்ணைப் பத்திக் கவலைப்பட வேண்டாம். இதைக் கையால ஒரு தடவை போட்டுப் பாத்தா தான் உறைக்கும். (2, 11)ங்கற வெக்டரை மேல சொன்ன (3, 4), (மைனஸ் 4, 3) ரெண்டையும் வெச்சு எழுதணும். முதலாவதோட பெருக்குங்க, 6 பிளஸ் 44, 50, அதை 3, 4 ரெண்டோட வர்க்கக் கூட்டலான 25ஆல வகுத்தா 2. ரெண்டாவதோட பெருக்குங்க, மைனஸ் 8 பிளஸ் 33, 25, வகுத்தா 1. ஆக ரெண்டு மடங்கு முதலாவது, ஒரு மடங்கு ரெண்டாவது, (6, 8)ஓட (மைனஸ் 4, 3)ஐ கூட்டினா (2, 11), சரியா வந்துருச்சு. சமன்பாடு எதையும் தீர்க்கல, ரெண்டு நிழலை தனித்தனியா அளந்தோம், அவ்வளவுதான். இப்போ ரெண்டாவதுக்கு பதிலா (1, 0) எடுத்துக்கங்க, இது முதலாவதுக்கு ஆர்த்தோகனல் இல்ல. அதே மாதிரி நிழல் அளந்தா முதலாவதுல 2, இதுல 2, கூட்டிப் பாத்தா (8, 8), வேற எங்கயோ போய் நிக்குது. ஏன்னா ஒண்ணோட நிழல் இன்னொண்ணு மேல விழுது, ஒரே விஷயத்தை ரெண்டு பேரும் எண்ணிட்டாங்க. இந்த ரெட்டை எண்ணிக்கை இல்லாததுக்குப் பேர் தான் ஆர்த்தோகனல்னு நான் மனசுல வெச்சிருக்கேன்.

ஃபூரியர்ங்கற ஃபிரெஞ்சு கணித மேதை செஞ்சதும் இதே தான். வெப்பம் எப்படிப் பரவுதுன்னு 1807ல ஒரு ஆய்வை சமர்ப்பிச்சார், 1822ல புத்தகமா வந்துச்சு, எந்த வடிவத்தையும் சைன், காஸ் அலைகளோட கூட்டலா எழுதலாம்னு. ஒவ்வொரு அலையும் எவ்வளவு கலந்திருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? அந்த அலையோட பெருக்கி இன்டெக்ரேட் பண்ணுங்க, மத்த அலை எல்லாம் ஆர்த்தோகனல்ங்கறதால தானா பூஜ்யம் ஆகிடும், நமக்கு வேண்டியது மட்டும் மிச்சம். பாட்டுல பேஸ் எவ்வளவு ட்ரெபிள் எவ்வளவுன்னு பிரிச்சுக் காட்டறது எல்லாம் இந்த அடிப்படையில தான் ஓடுது.

கைல இருக்கற வெக்டருங்க ஆர்த்தோகனலா இல்லைன்னா என்ன பண்றதுன்னு கேட்டா அதுக்கும் வழி இருக்கு, கிராம் ஷ்மிட் முறை. முதலாவதை அப்படியே வெச்சுக்கங்க, ரெண்டாவதுல இருந்து முதலாவது மேல விழற நிழலைக் கழிச்சுடுங்க, மூணாவதுல இருந்து முன்னாடி ரெண்டு மேலயும் விழற நிழலைக் கழிங்க, அப்படியே போக வேண்டியது தான்.

புள்ளியியல்ல இது எங்க வருதுன்னு பாத்தா, எனக்கு இருக்கறதுலயே அழகானது சராசரி தான். 2, 4, 9 மூணு எண், சராசரி 5. ஒவ்வொண்ணும் சராசரியில இருந்து எவ்வளவு விலகியிருக்கு? மைனஸ் 3, மைனஸ் 1, 4. கூட்டினா பூஜ்யம். இதை வெறும் கூட்டல்னு பாக்காம (1, 1, 1)ஓட டாட் ப்ராடக்ட்னு பாருங்க, அது பூஜ்யம், அதாவது மிச்சம் இருக்கற பிழை எல்லாம் சேர்ந்து (1, 1, 1) திசைக்கு செங்குத்து. ஆக சராசரி எடுக்கறதுன்னா (2, 4, 9)ங்கற புள்ளியில இருந்து அந்தத் திசைக் கோட்டுக்கு ஒரு செங்குத்து இறக்கறது, கோட்டுல அது விழற புள்ளி (5, 5, 5). நம்பிக்கை வரலைன்னா பிதாகரஸ் போட்டுப் பாருங்க: 4, 16, 81 கூட்டினா 101. (5, 5, 5)க்கு 75. பிழைக்கு 9, 1, 16, மொத்தம் 26. 75உம் 26உம் 101. செங்கோண முக்கோணம் கண்ணு முன்னாடி நிக்குது! லீஸ்ட் ஸ்கொயர்ஸ், அதாவது பிழைகளோட வர்க்கக் கூட்டலை முடிஞ்ச வரைக்கும் குறைக்கற முறை, லெஜாந்தர், கவுஸ்னு ரெண்டு கணித மேதைங்க 1805லயும் 1809லயும் அச்சுல கொண்டு வந்தது, இதே செங்குத்தை ஒரு கோட்டுக்கு பதிலா ஒரு பெரிய தளத்து மேல இறக்கறது. பிழை அந்தத் தளத்துக்கு ஆர்த்தோகனலா ஆனதும் நிறுத்தலாம், ஏன்னா அதுக்கு மேல குறைக்க அந்தத் தளத்துல ஒரு துளி நிழலும் மிச்சம் இல்ல.

அப்படியே ஒரு தப்பையும் சொல்லிடணும். சராசரியைக் கழிச்ச பிறகு ரெண்டு டேட்டா ஆர்த்தோகனலா இருந்தா கோரிலேஷன், அதாவது ரெண்டும் நேர்கோட்டு மாதிரி சேர்ந்து ஏறி இறங்கறதோட அளவு, பூஜ்யம்னு அர்த்தம், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லைன்னு அர்த்தம் இல்ல. மைனஸ் 1, 0, 1 ஒரு பட்டியல், அதோட வர்க்கம் 1, 0, 1 இன்னொண்ணு. கோரிலேஷன் போட்டா பூஜ்யம். ஆனா முதலாவது தெரிஞ்சா ரெண்டாவது நூத்துக்கு நூறு தெரிஞ்சுடும், அதுல இருந்தே செஞ்சது தானே. நேர்கோட்டு உறவு இல்லைன்னு மட்டும் தான் ஆர்த்தோகனல் உத்தரவாதம் தரும்.

செல்போன்ல இது எவ்வளவு உழைக்குதுன்னு தெரிஞ்சா ஆச்சரியமா இருக்கும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல ஒரே அலைவரிசையில பேசறாங்க, எப்படிப் பிரிக்கறது? முதல் ஆளுக்கு (1, மைனஸ் 1, 1, மைனஸ் 1)னு ஒரு கோட் (வரையற கோடு இல்ல, குறியீடு), ரெண்டாவது ஆளுக்கு (1, 1, மைனஸ் 1, மைனஸ் 1), பெருக்கிக் கூட்டிப் பாருங்க, பூஜ்யம். முதல் ஆள் ஆமான்னு சொல்லணும், தன்னோட கோடை அப்படியே அனுப்பறார். ரெண்டாவது ஆள் இல்லைன்னு சொல்லணும், தன்னோடதை மைனஸ் போட்டு அனுப்பறார். காத்துல ரெண்டும் கலந்து (0, மைனஸ் 2, 2, 0)னு வந்து சேருது, பாத்தா யாரோட பேச்சும் இல்ல. ஆனா முதல் கோடோட பெருக்கினா 4, ஆமா. ரெண்டாவது கோடோட பெருக்கினா மைனஸ் 4, இல்ல. ஒருத்தர் பேச்சுல இன்னொருத்தர் பேச்சு துளி கூட ஒட்டல. பழைய சிடிஎம்ஏ நெட்வொர்க்ல 64 நீளத்துக்கு இந்த மாதிரி கோட் இருந்துச்சு, வால்ஷ் கோட்னு பேரு. 4ஜியில கோடுக்கு பதிலா அலைகளையே ஆர்த்தோகனலா அடுக்கிட்டாங்க, அடுத்தடுத்த அலைக்கு நடுவுல 15 கிலோஹெர்ட்ஸ், ஒரு சிம்பலோட (ஒரு தடவையில அனுப்பற துண்டு சிக்னலோட) பயனுள்ள நேரம் அதோட தலைகீழ், சுமார் 66.7 மைக்ரோசெகண்ட். அந்த நேரத்துக்குள்ள ஒவ்வொரு அலையும் முழு எண்ணிக்கையில சுற்று முடிக்கும், அதனால எந்த ரெண்டைப் பெருக்கினாலும் பூஜ்யம், அலைங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருந்தாலும் பிரிச்சுடலாம். ஃபோன் ரொம்ப வேகமா நகர்ந்தா அதிர்வெண் கொஞ்சம் நழுவும், அப்போ இந்தப் பூஜ்யம் பூஜ்யமா இருக்காது, பக்கத்து அலை உள்ள கசிய ஆரம்பிக்கும். அங்க 'ஆர்த்தோகனாலிட்டி போச்சு'ன்னு இன்ஜினியருங்க சொல்றது அலங்காரப் பேச்சு இல்ல, நேர் அர்த்தம்.

இயற்பியல்ல ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன். போலரைசர் தகடு, அதாவது ஒரே திசையில அதிர்ற வெளிச்சத்தை மட்டும் விடற தகடு, அது ரெண்டை 90 டிகிரியில ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா வெளிச்சம் போகாது, நிழல் பூஜ்யம். நடுவுல மூணாவது தகடை 45 டிகிரியில சொருகுங்க, இப்போ வெளிச்சம் வரும்! முதல் தகடு தாண்டி வந்ததுல கால் பங்கு. தடுப்பு கூட்டினா வெளிச்சம் கூடுது, ஏன்னா 45 டிகிரி திசைக்கு ரெண்டு பக்கமும் நிழல் இருக்கு, ஒவ்வொரு தாவலுக்கும் பாதி. அதே குவாண்டம்ல எலக்ட்ரான் ஸ்பின் மேல, கீழன்னு ரெண்டு நிலை, நம்ம கண்ணுக்கு அது 180 டிகிரி எதிர் எதிர், ஆனா கணக்குல அது ரெண்டும் ஆர்த்தோகனல், ஏன்னா ஒண்ணா இருந்தா இன்னொண்ணா இருக்க வாய்ப்பு பூஜ்யம். 90 டிகிரியைக் கண்ணால தேடக் கூடாதுங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

பெயர்ல ஒரு குழப்பமும் இருக்கு. ஆர்த்தோகனல் மேட்ரிக்ஸ் (மேட்ரிக்ஸ்னா கட்டம் கட்டமா அடுக்கின எண்கள்), பாடத்துல செங்குத்து அணி, அதுல நிரல்கள் ஒண்ணுக்கொண்ணு ஆர்த்தோகனலா இருந்தா மட்டும் போதாது, ஒவ்வொண்ணோட நீளமும் 1ஆ இருக்கணும். இப்படிப்பட்ட வெக்டர்களுக்கு ஆர்த்தோநார்மல்னு பேர் இருக்கும்போது மேட்ரிக்ஸுக்கு மட்டும் ஆர்த்தோகனல்னு வெச்சுட்டாங்க, பழக்கம் ஆகிடுச்சு, மாத்த முடியாது, பரீட்சையில இதுல தான் மார்க் போகும். ஆனா பண்பு அருமையானது, தலைகீழ் மேட்ரிக்ஸ் கண்டுபிடிக்க எந்தக் கணக்கும் வேண்டாம், நிரலை நிரையா மாத்தினா முடிஞ்சுது. நீளத்தையும் கோணத்தையும் அது மாத்தாது, அதனால கம்ப்யூட்டர் கணக்குல சின்னப் பிழைங்க ஊதிப் பெருசாகறதும் இல்ல.

கணக்குக்கு வெளிய இந்த வார்த்தை போன கதை தனி. ஆல்கால் 68னு ஒரு ப்ரோக்ராமிங் மொழி, அதை வடிவமைச்சவங்க ஆர்த்தோகனாலிட்டியை ஒரு கொள்கையாவே எழுதி வெச்சாங்க, கொஞ்சம் அடிப்படை வசதிங்க, எதை எதோட வேணாலும் சேர்க்கலாம், 'இதோட இது சேராது'ன்னு விதிவிலக்கு முடிஞ்ச வரைக்கும் இருக்கக் கூடாது. எழுத்தோட அளவை மாத்தினா நிறம் மாறக் கூடாது, நிறத்தை மாத்தினா அளவு மாறக் கூடாதுன்னு எதிர்பாக்கறோமே, அதே தான். வேதியியல்ல ஒரு மூலக்கூறுல ரெண்டு பாதுகாப்புக் குழு, அதாவது ஒரு பகுதி வினையில சிக்காம தற்காலிகமா மூடி வெக்கற துண்டு, போடுவாங்க, ஒண்ணு அமிலத்துல மட்டும் கழலும், இன்னொண்ணு காரத்துல மட்டும், அதுவும் ஆர்த்தோகனல். உயிருள்ள செல்லுக்குள்ள அதோட வேலை எதையும் தொடாம நடக்கற வினைகளுக்கு பயோஆர்த்தோகனல்னு பேர் வெச்ச கேரலின் பெர்டோஸிக்கு 2022ல வேதியியல் நோபல் பங்கு கிடைச்சுது.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்துலயே இந்த வார்த்தை ஒரு தடவை மாட்டிக்கிச்சு. 2010 ஜனவரில ஒரு வழக்குல ரிச்சர்ட் ஃப்ரீட்மன்ங்கற சட்டப் பேராசிரியர், எழுப்பின விஷயம் இந்த வழக்குக்கு முழுக்க ஆர்த்தோகனல்னு சொன்னார், தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் குறுக்கிட்டு என்ன வார்த்தை அதுன்னு கேட்டார், செங்கோணம், சம்பந்தமில்லாததுன்னு இவர் விளக்கினார், நீதிபதி ஸ்கலியாவுக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

'சம்பந்தமில்லை'ங்கற இந்த அர்த்தம் பேச்சு வழக்குல நிலைச்சுடுச்சு, ஆனா எனக்கு அதுல முழு உடன்பாடு இல்ல. கிழக்கும் வடக்கும் ஆர்த்தோகனல், ஆனா ஒரு இடத்தைச் சொல்ல ரெண்டுமே வேணும். ஒரே விஷயத்தோட ரெண்டு பரிமாணம், தனித்தனியா பேசலாம், தனித்தனியா முடிவெடுக்கலாம், ஆனா ரெண்டும் அதே விஷயத்துக்குள்ள தான் இருக்குன்னு சொல்ல வரும்போது தான் இந்த வார்த்தைக்கு மதிப்பு. இன்னும் சில பேர் 'எதிர்'னு நினைச்சு பயன்படுத்தறாங்க, அது முழுத் தப்பு. எதிர்னா 180 டிகிரி, ஒண்ணு தெரிஞ்சா இன்னொண்ணு அப்படியே தெரிஞ்சுடும், அதுக்கு நிழல் முழுசா விழுது, மைனஸ் போட்டு.

கடைசியா, ரொம்பப் பேர் எதிர்பாக்காத ஒண்ணு. ரெண்டு பரிமாணத்துல கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு அம்பு போட்டா செங்குத்தா அமையறது அபூர்வம். ஆயிரம் பரிமாணத்துல அப்படிப் போட்டா கிட்டத்தட்ட செங்குத்தா தான் அமையும். காரணம் எளிது, ஆயிரம் பெருக்கல்ல பாதி பிளஸ் பாதி மைனஸா வந்து ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், கோணத்தோட காஸ் மதிப்பு சாதாரணமா 1000த்தோட வர்க்கமூலத்துல ஒரு பங்கு அளவுக்குத் தான் இருக்கும், சுமார் 0.03, அதாவது 90ல இருந்து ரெண்டு டிகிரிக்குள்ள. சரியா 90 டிகிரி வேணும்னா ஆயிரம் பரிமாணத்துல ஆயிரம் திசைக்கு மேல கிடைக்காது, ஆனா ஒரு சில டிகிரி விட்டுக்கொடுக்கத் தயாரா இருந்தா, பரிமாணம் ஏற ஏற அந்த எண்ணிக்கை மடங்கு மடங்கா பெருகும். வார்த்தைகளை நீளமான எண் பட்டியலா வெச்சுக்கற மொழி மாடல்களுக்கு இந்த இடவசதி பெரிய பலம். கைவசம் பைத்தான் ப்ரோக்ராமிங் மொழி இருந்தா நார்மல் டிஸ்ட்ரிப்யூஷன்ல (மேல சொன்ன நார்மல் இல்ல, புள்ளியியல்ல வர்ற மணி வடிவப் பரவல்) இருந்து ஆயிரம் ஆயிரம் எண்ணா ரெண்டு பட்டியல் எடுத்து கோணத்தைப் போட்டுப் பாருங்க, திரும்பத் திரும்ப எடுத்தாலும் 85க்கும் 95க்கும் வெளிய போறது நூத்துல ஒரு தடவை கூட இருக்காது.